நனைந்த கரை

கற்பிட்டிக் களப்பின் நட்டநடுவில் ஒரு மனிதர் என்னைப் படகிலிருந்து இறங்கச் சொன்னார். பகிடிக்கு அல்ல. பஸ் கொண்டக்டர் இறங்குமிடம் வந்துவிட்டது என்று சொல்வதுபோல, “இறங்குங்க மாஸ்டர்” என்றார். நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியன். கொழும்பில் படகோட்டப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். நீந்தத் தெரியும். ஆனால் அது நீல ஓடு பதித்த தடாகத்தில், அடி தெரிகிற தண்ணீரில். எங்கள் களப்பு கடல் உள்ளே புகுந்து தேங்கிய நீர்ப்பரப்பு, தண்ணீர் தேத்தண்ணி நிறம். உள்ளே என்ன கிடக்கிறது என்று யார் கண்டார்?

“நானா, விளையாடுறீங்களா?”

“எனக்கு விளையாடுற வயசா? இறங்குங்க.”

நாலு பிள்ளைகள் துடுப்பைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்காவிட்டால் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர முடியாது. கலிமா சொன்னேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படகின் விளிம்பால் சறுக்கினேன். சறுக்கிய மாத்திரத்தில் கால் சேற்றில் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால், கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது, நான் களப்பின் நடுவில் மூக்குக்கண்ணாடிகூட நனையாமல் நின்றுகொண்டிருக்கிறேன். தண்ணீர் நெஞ்சுக்கு மேல் வரவில்லை.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இதுவும் கரைதான் மாஸ்டர். கொஞ்சம் நனைஞ்ச கரை” என்று சொல்லி, நான் திரும்ப ஏறக் கை கொடுத்தார்.

அவருடைய பேரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய மனைவி, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிற மனுசி, இன்னும் இருக்கிறார். அவருக்கு இதை யாராவது வாசித்துக் காட்டக்கூடும். நானா என்றே வைத்துக்கொள்வோம், எங்கள் பேச்சில் அண்ணன். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

போர் முடிந்த கையோடு எங்கள் பக்கம் என்னென்னவோ வந்து இறங்கின. ஹோட்டல் கட்டுகிறவர்கள் வந்தார்கள். பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் வைத்து, பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுக்கிற நிறுவனங்கள் வந்தன. அப்படி வந்த ஒரு நிறுவனம் நாலு பந்தயப் படகுகளையும், ஒரு எஞ்சின் போட்டையும், ‘சமூகப் படகோட்டக் கழகம்’ என்று ஒரு பெயர்ப்பலகையையும் தந்தது. மீன்பிடிக்கிற ஊருக்குப் படகோட்டப் படிப்பா என்று கடைத்தெருவே சிரித்தது. சிரித்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. எங்கள் ஊரைச் சுற்றி இருந்த முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரே தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரிலிருந்து கடலால் வந்து சேர்ந்த தாய் தகப்பன்மார், பிள்ளைகளைக் கடற்கரைக்கே விடவில்லை. களப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு களப்பைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள் அவர்கள்.

கழகத்துக்கு நாங்கள் மூன்று பயிற்சியாளர்கள். நான் ஒருவன். இரண்டாமவர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். அரைக்காற்சட்டைக்குக்கூட இஸ்திரிக்கை போட்டு மடிப்பு எடுத்துத்தான் வருவார். நேவி ஐயா என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். மூன்றாமவர் நானா. அவர் யாரும் நியமிக்காமல் தானாக வந்த பயிற்சியாளர். படகுகள் வந்த நாளில் இருந்து பின்னேரம் ஆனால் முகாமிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். சம்பளம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. கடைசியில் நிறுவனத்துக்காரர்களுக்கு அவரையும் பயிற்சியாளர் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பயிற்சியாளர்களின் பின்னணியை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். நான் என் படிப்பை நீட்டி முழக்கினேன். நேவி ஐயா தான் போன கப்பல்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். நானாவின் முறை வந்தது.

“உங்கட பின்னணி?”

“பின்னால மன்னார்” என்றார்.

“அது சரி. முந்தி என்ன செஞ்சீங்க? மீன் பிடிச்சீங்களா, நீச்சல் பழக்கினீங்களா?”

“மீன் பிடிச்சேன். பிறகு விட்டுட்டேன்.”

“ஏன் விட்டீங்க?”

“இந்தப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊத்தணும், மிஸ்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். சுவரில் எனக்குப் பத்து வரி, நேவி ஐயாவுக்குப் பன்னிரண்டு வரி, அவருக்கு ‘மன்னார்’ என்று ஒரே ஒரு சொல்.

புதிதாக வருகிற யாராக இருந்தாலும் நடுக்களப்பில் இறக்கிவிடுவது அவர் வழக்கம். துடுப்புப் பிடிப்பதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அது நடந்தாக வேண்டும். எப்படிக் குந்துவது, எப்படி இழுப்பது என்பதெல்லாம் என் வேலை என்று விட்டுவிடுவார். அவருக்கு ஒரே ஒரு பாடம்தான்: நீ எங்கே நிற்கிறாய் என்று நினைக்கிறாயோ அங்கே நீ நிற்கவில்லை, இறங்கிப் பார். அதற்காகவே களப்பில் எங்கே திட்டு, எங்கே பள்ளம் என்று வீட்டு அடுப்படி போல அறிந்து வைத்திருந்தார். பள்ளத்தில் ஒருவரையும் இறக்கியதில்லை.

ஒரு தகப்பன் தடிப் பொல்லோடு வந்தார். மகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்களாம், பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் யார் பொறுப்பு, பள்ளிவாசலில் சொல்லிக் கழகத்தையே மூடவைப்பேன் என்று ஒரே சத்தம். நான் பயந்துபோனேன். நானா அமைதியாக, அண்ணன் முறை வைத்து, “வாங்க காக்கா, எந்த எடம் எண்டு காட்டுறேன்” என்று அவரை எஞ்சின் போட்டில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அந்த மனுசன் நெஞ்சுவரை நனைந்து, பொல்லையும் தொலைத்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார். அடுத்த கிழமை இளைய மகளையும் கொண்டுவந்து விட்டார்.

நேவி ஐயா மட்டும் இறங்க மறுத்துவிட்டார். “நான் ஆழ்கடல் ஆள் மாஸ்டர். முட்டியளவு தண்ணியில நிக்கிறதுக்கா நேவியில இருந்தது? இந்த மனுசன் ஹரி அமாரு” என்று என்னிடம் சலித்துக்கொள்வார். சமாளிக்க முடியாத ஆள் என்று அர்த்தம். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் பந்தயத்துக்குப் பழக வேண்டிய நேரத்தில் இவர் தண்ணீருக்குள் நிறுத்திவைத்து, “கரை எங்க?” என்று கேட்பார். பிள்ளைகள் தூரத்துத் தென்னைகளைக் காட்டினால் கோபம் வரும். காலடியைக் காட்ட வேண்டும். பைத்தியத்தில் பாதி என்று நினைத்துக்கொள்வேன், வாயால் சொல்வதில்லை.

வாடைக் காற்று தொடங்குகிற பருவத்தில் ஒரு பின்னேரம், நாலு பிள்ளைகள் ஓட்டிப்போன படகை எஞ்சின் போட்டில் நானும் அவரும் பின்தொடர்ந்து போனோம். மழை திடீரென்று பிடித்தது. சொல்லிவைத்தாற்போல எல்லாப் பக்கமும் வெள்ளையாக மூடிவிட்டது. பிள்ளைகளின் படகு பக்கத்தில்தான் நின்றது. அதிலிருந்து ஒரு பெண்பிள்ளை அழத் தொடங்கினாள். “நானா, கரை காணல்ல. நடுக்கடல்ல நிக்கிறோம். உம்மா!”

அவர் தண்ணீருக்குள் பாய்ந்ததை நான் காணவில்லை, சத்தம்தான் கேட்டது. படகின் முனையைப் பிடித்துக்கொண்டு இழுக்கத் தொடங்கினார்.

“ஆர் நடுக்கடல் எண்டது? ஆர் சொன்னது? கரை இது! இதுதான் கரை!”

தண்ணீரைக் கையால் அடித்து அடித்துக் கத்தினார். பிள்ளைகள் மழைக்கு அழுவதை விட்டுவிட்டு அவருக்குப் பயந்து அழுதார்கள். நான் கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல் இழுத்துக்கொண்டே போனார். கரையில் சிப்பியும் கல்லும் கிடக்கிற இடத்தில் ஏற்றி, படகின் அடியைக் கிழித்துவிட்டுத்தான் நின்றார். படகைப் பார்த்த நேவி ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

நானும் நானாவும் படகுக் கொட்டகையில் மிஞ்சினோம். தகரத்தில் மழை கொட்டியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உங்களுக்கு என்ன பிடிச்சிட்டு? பிள்ளைகள் இனி வருவாங்களா?” என்று நன்றாக ஏசினேன். ஏசி முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

தொண்ணூறில் அவர்கள் வள்ளத்தில் வந்தார்கள். அவர், ராத்தா, மகள், இரண்டு வயது மகன், இன்னும் சில குடும்பங்கள். மழை விடவில்லை. மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து இல்லை. எஞ்சினுக்கு எண்ணெய் முடிந்து வள்ளம் காற்றோடு போய்க்கொண்டிருந்தபோது, பிள்ளை அவர் மடியில் கண் மூடி மௌத்தாகிவிட்டான்.

“வள்ளத்தில ஒரு பெரியவர் இருந்தார். ஓதினவர். கரை எங்க எண்டு தெரியாது, எப்ப சேருவம் எண்டும் தெரியாது, மையித்தை வச்சிருக்க ஏலாது எண்டார். கடல்ல மௌத்தானா, கரை கிடைக்காட்டி, தொழுதிட்டுக் கடல்ல விடலாம். மார்க்கத்தில இருக்கு. அவர் பிழை சொல்லல்ல மாஸ்டர். உங்கட ராத்தாட தொழுகைச் சீலையைத்தான் கபனாக்கிச் சுத்தினோம். அவவும் காய்ச்சல்ல மயங்கிப் படங்குச் சீலைக்குக் கீழ கிடந்தா. மழைக்குள்ள நிண்டு தொழுதோம். நங்கூரக் கல்லைக் கட்டினேன்.”

கையை என் முன்னால் நீட்டினார். கயிற்றைப் பிடிப்பது போல.

“பத்துப் பாகம், பத்து ஆள் ஆழம், போகும் எண்டு கயித்தை அவிழ்த்து வச்சிருந்தேன். மெல்ல மெல்ல விட்டேன். என்ட கை ரெண்டு தரம் மாறல்ல மாஸ்டர். கயிறு நிண்டுட்டு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவருடைய கையிலிருந்து கண்ணை எடுத்தேன்.

“கடல்ல வளந்தவன் நான். கயிறு நிண்டா என்ன எண்டு எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் கையேந்திக்கிட்டு நிக்கிறாங்க. பெரியவர் துஆ ஓதிட்டிருக்கார். பாறையா இருக்கும் எண்டு நினைச்சேன். அப்படி நினைச்சாத்தான் எனக்கு ஏலும். கயித்தைக் கை விட்டுட்டேன். கொஞ்ச நேரத்தால மழை வெளிச்சது. பாத்தா, மனிசர் நடந்து வாறாங்க. கடலுக்குள்ளால, சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு, நடந்து. இந்த உச்சமுனைத் தீவு ஆக்கள். எங்களைக் கண்டு வள்ளத்தை இழுக்க வந்தவங்க. இடுப்பளவு தண்ணி.”

“தேடல்லையா?”

“தேடாம? நாள்கணக்கா அந்த ஆக்களும் சேந்து தேடினாங்க. மழைக்குள்ள வள்ளம் எங்கால வந்திச்சு எண்டு ஆருக்குத் தெரியும்? வெள்ளமும் நீரோட்டமும் மணலையே மாத்திட்டு. மண்ணில வைக்கிறதுக்கு மண் காலடியில கிடந்திச்சு, மாஸ்டர். நாங்க இறங்கிப் பாக்கல்ல.”

அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு மழை விடும்வரை இருந்தேன்.

“ராத்தாவுக்கு?” என்று கடைசியில் கேட்டேன்.

“ஆழக்கடல் எண்டு சொல்லி வச்சிருக்கேன். ஆழக்கடல் எண்டா மனிசிக்கு ஒரு ஆறுதல். வேற வழியில்லாமச் செஞ்சது எண்டு ஆயிடும். இது தெரிஞ்சா அவ உசிரோட இருக்கமாட்டா. நீங்களும் வாயைத் திறந்திடாதீங்க.”

நான் நேவி ஐயாவிடம் மட்டும் சொன்னேன். அந்த மனுசன் அடுத்த நாள் பின்னேரம், பிள்ளைகள் பார்த்திருக்க, யாரும் கேட்காமலே அந்த மடிப்புக் கலையாத காற்சட்டையோடு களப்பின் நடுவில் இறங்கி நின்றார். நானா அவருக்கும் கை கொடுத்து ஏற்றினார்.

இதற்கிடையில் ஊரில் ஒரே கதை, மன்னாருக்குத் திரும்பிப் போவது. காணி துப்புரவாக்கலாம், வீடு கட்டலாம் என்று ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் கட்டத் தொடங்கின. தில்லையடியில் கலியாணம் முடித்திருந்த அவர் மகளும் மருமகனும் போவதற்கு ஆயத்தமானார்கள். ராத்தாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பிறந்த மண், உம்மா வாப்பாவை அடக்கிய கபுறு இருக்கிற மண். நானா மட்டும், “நீங்க போங்க, நான் வாறதைப் பிறகு பாப்பம்” என்று இழுத்தடித்தார். பிறகு என்றால் எப்போது என்று யாருக்கும் சொல்லவில்லை. ராத்தா அழுது பார்த்தார், கோபித்துப் பார்த்தார். ஒருநாள் கழகத்துக்கே வந்து நின்றார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“மாஸ்டர், நான் ஊருக்குப் போகப் போறேன். போகமுன்னம் மகன் கிடக்கிற எடத்தைப் பாக்கணும். அவன்ட பேர்ல ஒரு யாசீன் ஓதணும். இவரை ஒருக்காக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

நானாவின் முகம் செத்துப்போய்விட்டது. ராத்தா போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தீவுக்கு அங்கால, வெளிக்கடலுக்கு விடுங்க மாஸ்டர். கறுப்புத் தண்ணிக்கு. அங்க காட்டுவம். அவ ஓதிட்டு நிம்மதியாப் போகட்டும்” என்று கெஞ்சினார். நான் சம்மதித்தேன். வேறு யாராக இருந்தாலும் சம்மதித்திருப்பார்கள்.

கடல் பால்போலக் கிடந்த ஒரு காலையில் போனோம். எஞ்சினை நான் பிடித்தேன். ராத்தா கறுப்பு அபாயாவில், யாசீன் கிதாபை ஒரு சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடுவில் இருந்தார். உச்சமுனையின் தென்னைகள் பின்னால் போயின. தண்ணீர் பச்சையாகி, நீலமாகி, கறுத்தது. நானா கையைக் காட்டினார். எஞ்சினை நிறுத்தினேன்.

“இஞ்சதான்” என்றார்.

ராத்தா தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கிதாபை எடுக்கவில்லை.

“இஞ்சையா?”

“ஓம்.”

“அல்லாஹ்வை வச்சுச் சொல்லுங்க பாப்பம்.”

நானா வாயைத் திறந்தார். ஐந்து நேரத் தொழுகையை ஒருநாளும் விடாத மனிதர். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. போட் அலையில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது.

“மாஸ்டர், திருப்புங்க” என்றார் ராத்தா. “உச்சமுனைப் பக்கம் போங்க. நான் சொல்லுறேன் எங்க எண்டு.”

சொன்னார். அந்தத் தென்னையையும் இந்த வாடிக் குடிலையும் நேர்பார்த்து, மீன்காரன் மாதிரிக் கைகாட்டி, ஒரு மணல் திட்டுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். அடியில் கடற்புல் ஆடுவது தெரிந்தது. நானா மரம்போல இருந்தார்.

“படங்குக்குக் கீழ முழிப்பு வந்திட்டு எனக்கு” என்றார் ராத்தா. கடலைப் பார்த்துத்தான் பேசினார். “ஓட்டைக்குள்ளால பாத்தேன், இந்தத் தென்னையும் வாடியும் கண்ணில நிண்டுட்டு. மனிசர் நடந்து வந்தாங்க. உங்கட மடியில மகன் இல்ல. எனக்கு விளங்காதா? நான் கேட்டேன், எங்க விட்டீங்க எண்டு. ஆழக்கடல் எண்டீங்க. சரி, இண்டைக்குச் சொல்லமாட்டார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு இருந்தேன். கருவாடு எடுக்கப் போறேன் எண்டு வருசா வருசம் இஞ்ச வந்தேனே, கருவாட்டுக்கா வந்தேன்?”

“நீ ஏன் சொல்லல்ல?” அவருடைய குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“சொல்லியிருந்தா நீங்க அண்டைக்கே கடல்ல போயிருப்பீங்க. ஒண்டைக் குடுத்தது போதும் எண்டு வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்தேன். எத்தின வருசம்! ஒரு வீட்டில, ஒரு பாயில, நான் தனியத்தான் அழுதேன்.”

நானா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆம்பிளை அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராத்தா அழவில்லை. கிதாபை எடுத்தார். ஆரம்பம் முதல் கடைசிவரை தடுமாறாமல் ஓதினார். ஓதி முடித்து, கிதாபை முத்தமிட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு அவருடைய நனைந்த கையைப் பிடித்தார்.

“இனி முடிஞ்சிது. வாங்க, ஊருக்குப் போவம்.”

“நான் வரல்ல.”

“ஏன்?”

“ஆராவது இஞ்ச நிக்கணும்.”

“மகன் அல்லாஹ்ட்டப் போயிட்டான். இஞ்ச ஒருத்தரும் நிக்கல்ல. நான்தான் நிக்கிறேன். என்னைப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை இழுக்கச் சொல்லி ராத்தாதான் எனக்குக் கண்ணால் காட்டினார்.

சாமான் ஏற்றிய லொறி புறப்பட்ட அன்று நானா வந்து, மகளின் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். ராத்தா முன்சீட்டில் இருந்து கடைசிவரை கதவை மூடாமல் வைத்திருந்தார். லொறிக்காரன் இறங்கிவந்து மூடினான்.

அதன் பிறகு நானா கழகத்துக்கு வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் உச்சமுனைக்குப் போய், ஒரு மீன்வாடியில் வலை தைத்துக் கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டார். பிள்ளைகள் கொஞ்ச நாள் கேட்டார்கள். நிறுவனம் திட்டம் முடிந்தது என்று போனது. நேவி ஐயாவும் ஊரோடு போய்விட்டார். இரண்டு படகு கொட்டகையிலேயே வெடித்துக் கிடக்கிறது. நான் மட்டும் மாதத்தில் ஒருமுறை அரிசி, சீனி, தேயிலை கொண்டு உச்சமுனைக்குப் போய் நானாவைப் பார்த்துவிட்டு வருவேன். அவரிடம் போன் கிடையாது. ராத்தா என் போனுக்குத்தான் எடுப்பார். என்ன சாப்பிட்டார், இருமல் எப்படி என்று கேட்பார். தன்னைப் பற்றி அவர் விசாரித்தாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்வது?

கடைசியாகப் போன அன்று வாடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மழை பிடித்தது. கடல் முழுவதும் வெள்ளையாக மூடிவிட்டது. நானா கோப்பையைக் கீழே வைத்தார். சேர்ட்டைக் கழற்றினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்.

“நானா, எங்க போறீங்க?” என்று கத்தினேன். திரும்பவில்லை. வாடிக்காரர்கள் ஒருவரும் எழும்பவில்லை.

“மழை வந்தா இப்படித்தான் மாஸ்டர்” என்றார் ஒருவர். “உள்ளுக்கு வள்ளம் ஏதும் நிக்குமாம். கரை கிட்டத்தான் எண்டு அவங்களுக்கு ஆராவது சொல்லணுமாம்.”

மழைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. “கரை இது! பயப்படாதீங்க, இறங்கி வாங்க!” ஆளைக் காண முடியவில்லை. அங்கே வள்ளம் எதுவும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு, யாராவது பதில் சொல்லமாட்டார்களா என்று நின்றேன். வெட்கக்கேடு, எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. ராத்தா.

“மாஸ்டர், இஞ்ச நல்ல மழை. அங்கயும் மழையா?”

“ஓம் ராத்தா.”

“அவர் எங்க?”

தூங்குகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனுசிக்கு இன்னொரு பொய்யை நான் எப்படிச் சொல்வேன்?

“தண்ணிக்குள்ள நிக்கிறார், ராத்தா.”

“எவ்வளவு தண்ணியில?”

“இடுப்பளவு.”

மறுபக்கத்தில் மன்னார் மழையின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“குளிருமே, மாஸ்டர்” என்றார்.